இறங்குவதுதான் முதல் பாடம்

என் அண்ணியிடம் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வரும் பெண்கள் முதல் நாள் காரை ஓட்டுவதில்லை. ஏறி உட்கார்வார்கள், இறங்குவார்கள். மறுபடி ஏறுவார்கள், மறுபடி இறங்குவார்கள். கண்ணை மூடிக்கொண்டு சீட் பெல்ட்டைக் கழற்ற வேண்டும். பார்க்காமல், ஒற்றைக் கையால் கதவின் பூட்டைத் திறக்க வேண்டும். பிறகு தெருவில் கால் வைத்து, திரும்பிப் பார்க்காமல் பத்தடி நடந்துவிட்டு வர வேண்டும். ஒரு முழு வகுப்பு இதிலேயே போய்விடும். சாவியைத் தொடுவதுகூடக் கிடையாது.

"ஏறவே தெரியாதவளுக்கு இறங்க ஒரு பாடமா?" என்று அப்பாக்களும் கணவர்களும் என் மேஜைக்கு வந்து சண்டை பிடிப்பார்கள். மேஜை என்றால் எங்கள் வீட்டின் முன்னறைதான். சுவரில் சாலைக் குறியீடுகளின் பலகை, ஒரு மின்விசிறி, மூன்று நாற்காலிகள், ஒரு தொலைபேசி, அதற்குப் பின்னால் நான். விண்ணப்பம் நிரப்புவது, தேர்வுக்குத் தேதி வாங்குவது, வருகிறவர்களிடம் வாயாடுவது எல்லாம் என் வேலை. "அரசாங்கத்தோட புது விதி சார், எங்க கையில என்ன இருக்கு?" என்று நானே ஒரு விதியை அடித்துவிடுவேன். பதினாறு வருடமாக அது புது விதியாகவே இருக்கிறது.

நான் அண்ணிக்கு நாத்தனார். கல்யாணம் எனக்கு ஒத்துவராது என்று எனக்கும், நான் கல்யாணத்துக்கு ஒத்துவர மாட்டேன் என்று ஊருக்கும் ஒரே சமயத்தில் தெரிந்துவிட்டதால் அண்ணன் வீட்டோடு இருக்கிறேன். அண்ணன் மெக்கானிக். எங்கள் இரண்டு கார்களிலும் பக்கத்து இருக்கையின் காலடியில் இரண்டாவது பிரேக்கும் கிளட்சும் பொருத்தியவர் அவர்தான். ஆண்களுக்கு அவர் சொல்லிக்கொடுக்கிறார், பெண்களுக்கு அண்ணி. ஊரில் அண்ணிக்குப் பெயர் வாத்தியாரம்மா. எனக்கு ரேடியோ. அதை வைத்தது அண்ணி. "நிறுத்துற பொத்தான் எங்க இருக்குன்னு செஞ்சவனே மறந்துட்டான்" என்பார்.

நாங்கள் சண்டை போடாத நாள் கிடையாது. அண்ணி போடும் டீயைக் கழுநீர் என்று சொன்னால் கழுநீருக்குக் கோபம் வரும். செருப்பை ஒன்று வாசலிலும் ஒன்று கட்டிலுக்கு அடியிலும் விடுவார். பதினைந்து வயது மகளை இன்னும் பாப்பா என்று கூப்பிட்டு, அவள் தோழிகள் முன்னால் மானத்தை வாங்குவார். ஆனால் காரில் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்துவிட்டால் வேறு மனுஷி. குரலே தணிந்துவிடும்.

மற்ற பள்ளிகளில் கியர் மாற்றப் பழக்கும்போது கற்பவரின் கைமேல் கை வைத்துத்தான் மாற்றுவார்கள். எங்கும் உள்ள வழக்கம் அது. அண்ணியின் இரண்டு கைகளும் அவர் மடியிலேயே இருக்கும். எல்லாம் வாயால்தான். ஸ்டியரிங்கைத் தானே திருப்ப வேண்டி வந்தால், "கை வைக்கலாமா?" என்று கேட்பார். "சரி" என்று காதில் விழுந்தால்தான் வைப்பார். "சுவரைப் பாத்து வண்டி போறப்பவும் உத்தரவு கேட்டுட்டு இருப்பீங்களா?" என்று ஒருமுறை கேட்டேன். "பிரேக் என் கால்ல இருக்கு. அதுக்குக் கேக்க மாட்டேன். கைக்குக் கேப்பேன்" என்றார்.

இன்னொரு பைத்தியக்காரத்தனமும் உண்டு. கடைத்தெருவின் மறுகோடியில் பெரிய வாத்தியாரின் ஓட்டுநர் பள்ளி இருந்தது. ஊரில் பாதிப் பேருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்த மனிதர். அண்ணியும் கல்யாணத்துக்கு முன்னால் அங்கேதான் கற்றுக்கொண்டார். எந்தப் பெண்ணாவது அங்கே சேர்ந்தாள் என்று காதில் விழுந்தால், அண்ணி அன்றைக்கே அந்த வீட்டுக் கதவைத் தட்டுவார். "எங்ககிட்ட வாங்க, காசு வேணாம்" என்று கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். "இது பள்ளிக்கூடமா, சத்திரமா?" என்று நான் குதிப்பேன். "ஆள் பிடிக்கிறேன்டி, தொழில் போட்டி" என்று சிரித்து மழுப்புவார். நானும் நம்பினேன். எனக்குத் தெரிந்த உலகத்தில் எதற்கும் காரணம் போட்டி, இல்லாவிட்டால் பொறாமை.

போன வருடம் பெரிய வாத்தியார் வயதாகிவிட்டது என்று பள்ளியை மூடினார். அதற்கு ஒரு பாராட்டு விழா எடுக்கப்போவதாகப் பயிற்சியாளர் சங்கத்தின் செயலாளர் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். ஊரின் முதல் பெண் பயிற்சியாளர், அவரிடமே கற்றவர், மேடையேறி நாலு வார்த்தை பேசி நினைவுப் பரிசைக் கொடுக்க வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணி வகுப்பில் இருந்தார். "அவங்க என்ன சொல்லப்போறாங்க, வருவாங்க, பேரைப் போடுங்க" என்றேன். அதோடு நின்றேனா? அழைப்பிதழில் போட ஒரு வரியையும் நானே எடுத்துக்கொடுத்தேன். 'பெரிய வாத்தியார் கைபிடித்துக் கற்றுத்தந்த மாணவி.'

அழைப்பிதழ் ஒரு மதியம் வந்தது. வகுப்பு முடித்து வந்த அண்ணியின் கையில் பெருமையோடு கொடுத்தேன். படித்தார். இரண்டாக மடித்தார், நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். அதற்கு மேல் அட்டை மடங்கவில்லை.

"யாரு சரின்னு சொன்னது?"

"நான்தான். ஏன்?"

"என்னால போக முடியாது."

மூன்று நாள் நச்சரித்தேன். காரணம் கேட்டேன், கெஞ்சினேன், பேசாமலிருந்து பார்த்தேன். பேசாமலிருந்தது அரை மணி நேரம். முடியாது என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. நாலாம் நாள் காலையில் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "ஏறின ஏணிய எட்டி உதைக்கிறதுன்னு சொல்லுவாங்களே, அது நீங்கதான் அண்ணி" என்றேன்.

அண்ணி என்னைப் பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த சாவியை எடுத்தார். "வண்டில ஏறு" என்றார்.

கடைத்தெரு தாண்டி, பழைய கிடங்குகளுக்குப் பின்னால் ஓடும் சாலைக்குப் போனோம். காலை பதினோரு மணி வெயில். ஒரு லாரி மட்டும் தார்ப்பாய் போட்டு நின்றது. ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்தார். "கதவு பூட்டல, பாத்துக்கோ" என்றார் முதலில்.

"எனக்குப் பன்னெண்டு கிளாஸ். ஒன்பதாவது கிளாஸ் இங்கதான்" என்றார்.

பிறகு சொன்னார். எவ்வளவு எழுதலாம் என்பதை அண்ணிதான் எனக்கு அளந்து கொடுத்தார், அந்த அளவைத் தாண்ட மாட்டேன். அப்போது அவருக்கு இருபத்தொரு வயது. அந்தக் காரில் கதவுப் பூட்டின் பொத்தான் ஓட்டுகிறவர் பக்கம் இல்லை. வாத்தியார் அதைத் தன் பக்கத்துக்கு மாற்றிவைத்திருந்தார். இங்கே நிறுத்து என்றார், அண்ணி நிறுத்தினார். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மாணவி. வண்டி ஓட்டக் கிட்டத்தட்டக் கற்றுக்கொண்டுவிட்ட அந்தப் பெண்ணுக்கு, அந்த வண்டியிலிருந்து இறங்க மட்டும் வழி தெரியவில்லை.

"நீங்க கத்தலியா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"கத்தல. கையக்கூட எடுக்கல." தன் இரண்டு கைகளையும் தூக்கி ஸ்டியரிங்மேல் வைத்துக் காட்டினார், கடிகாரத்தில் பத்தும் இரண்டும் இருக்கிற இடத்தில். "எந்த நேரத்துலயும் கைய எடுக்கக் கூடாதுன்னு அவர்தானே சொல்லிக் குடுத்தாரு. கடைசி வரைக்கும் இப்படியேதான் இருந்துச்சு. ஏன்னு எனக்கே தெரியல ரேடியோ. உடம்பு என் பேச்சக் கேக்கல. ஏன் தள்ளி விடலன்னு நாளைக்கு யாராவது கேட்டா, கை ஸ்டியரிங்ல இருந்துச்சுங்கன்னு சொல்றதா? சிரிக்க மாட்டாங்க?"

நான் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மோதிர விரலில் ஒரு பேனா மைக்கறை இருந்தது.

"அப்புறம் பத்தாவது கிளாஸுக்கும் போனேன்." இதைத்தான் எல்லாவற்றையும் விட மெதுவாகச் சொன்னார். "போகலன்னா வீட்ல ஏன்னு கேப்பாங்க. என்னன்னு சொல்றது? பதினொண்ணு, பன்னெண்டு, எல்லாத்துக்கும் போனேன். எதுவுமே நடக்காத மாதிரி அவரும் பேசினாரு, நானும் பேசினேன். தேர்வுல பாஸானதும் அப்பா இனிப்பு வாங்கிட்டு வந்து, போய் வாத்தியாருக்குக் குடுத்துட்டு வான்னாரு. குடுத்தேன். போட்டோ எடுத்தாங்க. அதுல நான் சிரிக்கிறேன். நல்லாவே சிரிக்கிறேன். அந்தப் போட்டோ அவர் பள்ளியில பத்து வருஷம் தொங்குச்சு. அதுக்கப்புறம் நான் எந்த ஸ்டேஷன்ல போய் என்ன சொன்னா யாரு நம்புவாங்க? சில நாள் நானே என்னய நம்பல."

அவர், அவர் என்றுதான் அப்போதும் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அது பொறுக்கவில்லை. "அந்த ஆளுக்கு என்ன அண்ணி மரியாதை?"

"பழகிப்போச்சு. ஊரே அவர்னு சொல்லும்போது நான் மட்டும் அவன்னு சொன்னா, ஏன்னு கேப்பாங்கல்ல?"

என் உடம்பெல்லாம் எரிந்தது. "எடுங்க வண்டிய, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றேன். "இல்ல, ஸ்டேஷன் வேணாம், அந்த மேடைக்கே போவோம். மைக்க என்கிட்ட குடுங்க. அவன் பேத்தி வரைக்கும் கேக்கற மாதிரி சொல்றேன். பேப்பர்காரங்களக் கூப்பிடறேன், இப்பவே கூப்பிடறேன்." கைப்பைக்குள் தொலைபேசியைத் துழாவினேன்.

"ரேடியோ. இப்ப நீ எத மிதிக்கிற, பிரேக்கா, ஆக்சிலரேட்டரா? எதுவா இருந்தாலும் கால எடு. வண்டிய நான் ஓட்டுறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நான் தொலைபேசியை உள்ளே போட்டேன்.

"பதினாறு வருஷமா நான் வாத்தியாரம்மா" என்றார். "சொன்ன மறுநாள்லேர்ந்து, 'அந்த விஷயம் நடந்துச்சே, அவங்க'ன்னுதான் சொல்வாங்க. பாப்பாவப் பாக்கறவங்க அவள ஒரு மாதிரி பாப்பாங்க. புதுசா ஒரு பொண்ணு வண்டில வந்து உக்காந்தா ரோட்டப் பாக்க மாட்டா, என் மூஞ்சியத்தான் பாப்பா. சொல்றது தப்புன்னு நான் சொல்லல. வெளியில வந்து சொல்றவங்களப் பாத்தா எழுந்து நிக்கணும்னு தோணுது. ஆனா யார்கிட்ட, எப்ப, எவ்வளவுங்கறது என் கையில இருக்கணும். அன்னிக்கு என் கையில எதுவுமே இல்ல. இன்னைக்கு நீ பிடுங்கிட்டுப் போனாலும் எனக்கு அதே கணக்குதான்."

"அங்க போன மத்த பொண்ணுங்க?"

"அதான் வீடு வீடா போய்க் கதவத் தட்டினேனே. எனக்குப் பேசத் தெரிஞ்ச விதம் அதுதான். எத்தன பேரத் தவறவிட்டேனோ. அது என்னைக்கும் உள்ள உறுத்திக்கிட்டேதான் இருக்கும்."

சத்திரமா என்று நான் குதித்த ஒவ்வொரு நாளும் என் கண்முன் வந்து நின்றது. அழுகையும் கோபமும் சேர்ந்து வந்ததில் வழக்கம்போல் கோபம்தான் முதலில் வாயில் வந்தது. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணி. இத்தன வருஷம் ஒரே வீட்ல இருக்கோம்!"

அண்ணி கைக்குட்டையை எடுத்துப் பின்பார்வைக் கண்ணாடியைத் துடைத்தார். அதில் தூசி எதுவும் இல்லை. "அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கறேன். நீ முந்திக்காத" என்று மட்டும் சொல்லிவிட்டு இன்ஜினைக் கிளப்பினார்.

வீட்டுக்கு வந்ததும் செயலாளருக்குப் போன் செய்தேன். காரணம் இல்லாமல் ஒரு வாக்கியம் பேசி எனக்குப் பழக்கம் இல்லை. உடம்பு சரியில்லை என்றால் பார்க்க வருவார்கள். ஊரில் இல்லை என்றால் அண்ணி காரில் போகிறபோது பார்ப்பார்கள்.

"அவங்க வர மாட்டாங்க சார். கேக்காம நான்தான் சரின்னு சொன்னேன். என் தப்பு."

"அழைப்பிதழ் அடிச்சாச்சேம்மா. வாத்தியார் மேல அவங்களுக்கு என்ன கோபம்?"

இந்த இடம்தான் ஆபத்து. அந்த மனிதர் நல்லவர்தான், ஆனால் அவர் காதில் விழுந்தது ஒரு மணி நேரத்தில் கடைத்தெரு முழுக்கப் போகும். கோபம் என்ற சொல்லை அங்கே விட்டுவைக்கக் கூடாது.

"அவங்களுக்கு என்ன கோபம் சார், பாவம். நான்தான் விடமாட்டேன்னேன்."

"நீங்களா? ஏன்?"

"ஏன்னா என்ன சார் சொல்றது. அவங்களுக்கு மட்டும் மேடை, எனக்குக் காலம் பூரா மேஜையா?"

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. நாத்தனார் என்றால் இப்படித்தான் இருப்பாள் என்று அவருக்கு முன்பே தெரியும். நான் புதிதாக எதையும் நம்பச் சொல்லவில்லை. போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். அண்ணி இரண்டு டம்ளர் கழுநீரோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். ஒன்றை என் மேஜையில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

மாலைக்குள் ஊர் என்னை வறுத்தெடுத்தது. "ஏம்மா, கூடப் பிறக்காத அக்கா மாதிரி இருக்காங்க, அவங்க நல்லா இருந்தா உனக்கென்ன?" என்றார் காய்கறிக் கடைக்காரர். "வயிறு எரியுதுங்க, என்ன பண்றது" என்றேன். தையல்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓட்டிப் பழகி உரிமம் வாங்கிப்போன பெண்கள் சிலர் வாசலில் நின்று, என் காதில் விழும்படி அண்ணிக்கு ஆறுதல் சொன்னார்கள். கெட்ட பெயரை இவ்வளவு சந்தோஷமாக நான் சுமந்ததில்லை. அண்ணன் திட்டியதுதான் வலித்தது. "உன் மனசு இவ்வளவு சின்னதுன்னு எனக்குத் தெரியாம போச்சு" என்றார். பதில் தொண்டை வரை வந்தது. முந்திக்காதே என்று அண்ணி சொல்லியிருந்ததால் அதை விழுங்கிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் காலையிலேயே காரின் அடியில் போய்ப் படுத்தவர் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது கண் சிவந்திருந்தது. இரண்டு கார்களின் எட்டுக் கதவுப் பூட்டுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து மூடிப் பார்த்து எண்ணெய் விட்டார். அண்ணி சொல்லிவிட்டார் என்று புரிந்துகொண்டேன். அண்ணன் கையைக் கழுவிக்கொண்டு வெளியே போனார், ஒரு பன் வாங்கி வந்து என் மேஜையில் வைத்தார். எங்கள் வீட்டில் மன்னிப்புக்கு அதுதான் உருவம்.

விழா நடந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் தெருவே காலியாக இருந்தது. எல்லோரும் மண்டபத்தில். ஒலிபெருக்கிச் சத்தம் எங்கள் வாசல் வரை வந்தது. அந்த ஆளைப் பற்றி யாரோ கண்ணீர் மல்கப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மேஜையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"ரேடியோ, வா. உனக்கு இன்னைக்கு முதல் கிளாஸ்" என்றார் அண்ணி. இத்தனை வருடம் ஓட்டுநர் பள்ளியில் உட்கார்ந்திருந்தும் நான் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. பேசிக்கொண்டே ஓட்ட முடியாது என்று பயம்.

ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்தேன். அண்ணி பக்கத்தில், கைகள் மடியில். "முதல்ல கண்ணாடிய ஏத்து" என்றார். ஏற்றினேன். மண்டபத்துச் சத்தம் பாதியாகக் குறைந்தது.

கண்ணை மூடிக்கொண்டு பெல்ட்டைத் தடவினேன். கண் மூடியிருந்தால் கேட்பது சுலபமாக இருந்தது. "அண்ணி, அன்னிக்கு நீங்க பதில் சொல்லல. யார்கிட்டயாவது எப்பவாவது சொல்லப் பாத்தீங்களா?"

"ஒரு தடவ."

"யார்கிட்ட?"

அண்ணியின் குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. "கல்யாணமான புதுசு. நீ டிவி பாத்துக்கிட்டே துணி மடிச்சிட்டு இருந்த. அதுல ஒரு பொண்ணு பேசிட்டு இருந்தா. அவ முதலாளி எட்டு வருஷம் முன்னாடி என்னவோ பண்ணிட்டார்னு. நல்ல நேரம், இப்ப சொல்லிடலாம்னு உன் பக்கத்துல வந்து உக்காந்தேன். நீ சொன்ன, 'எட்டு வருஷம் கழிச்சா ஞாபகம் வருது இவளுக்கு? அப்ப வாய்ல என்ன வச்சிருந்தாளாம்?' உன் கையில ஒரு மஞ்சத் துண்டு இருந்துச்சு."

நான் கண்ணைத் திறக்கவில்லை.

"கொடியில துணி கிடக்கு, எடுத்துட்டு வரேன்னு எழுந்து போயிட்டேன். போய்ப் பாத்தா கொடியில ஒண்ணுமே இல்ல. எல்லாத் துணியும் உன் மடியில இருந்துச்சு."

எனக்கு அந்த நாள் ஞாபகம் இல்லை. தேடிப் பார்த்தேன், இன்றுவரை தேடுகிறேன், இல்லை. அவர் துண்டின் நிறம் வரை சுமந்துகொண்டிருந்த ஒன்றை நான் சொன்ன நிமிஷமே கீழே போட்டுவிட்டு அடுத்த துணியை மடித்திருக்கிறேன். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, விவரம் தெரியாது, ஊரே அப்படித்தான் பேசியது என்று பத்துச் சமாதானங்கள் வாய்க்கு வந்தன. நரம்பில்லாத நாக்கு எதையும் சொல்லும். அன்றைக்கு ஒருநாள் அதைப் பிடித்து உள்ளேயே வைத்தேன்.

கண்ணைத் திறந்தேன். அண்ணி முன்கண்ணாடி வழியே காலித் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மடியிலிருந்த கைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்தன.

"அண்ணி, கை வைக்கலாமா?" என்று கேட்டேன்.

மண்டபத்தில் கைதட்டினார்கள், ஓய்ந்தார்கள், மறுபடி தட்டினார்கள். நான் காத்திருந்தேன். கதவு பூட்டாமல்தான் இருந்தது, அவர் பக்கமும் என் பக்கமும்.

"சரி" என்றார்.